அந்தப் பத்தியை அடித்துவிடுங்கள்

2015இல் சிங்கப்பூர் பொன்விழா கொண்டாடியபோது வெளிவந்த ஒரு சிறப்பு மலரில், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த என் அப்பாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அதன் நான்காவது பத்தியில் ஒரு காட்சி வரும். 1952 கடைசியில் கடற்படைத் தளத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பையனான அப்பா தூக்குப் போணியில் தேத்தண்ணி சுமந்துபோய், வாசலில் நிற்பவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கிறார். படித்தவர்கள் எல்லோரும் அந்தப் பத்தியைத்தான் சொல்லிப் பாராட்டினார்கள். ஒரு பேச்சாளர் மேடையிலேயே அதை எடுத்துச் சொன்னார்.

அது நடக்கவே இல்லை. 1952இல் அப்பா சிங்கப்பூரிலேயே கிடையாது. பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அடுத்த வீட்டு மாட்டை மேய்த்துக்கொண்டிருந்தார். ஞாபகப் பிசகு என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. எழுதும்போதே எனக்குத் தெரியும்.

தாத்தா அந்த வேலைநிறுத்தத்தில் இருந்தார், அது உண்மை. சின்ன விஷயமும் அல்ல அது. 1923இல் இடம் குறித்து, 1938 பிப்ரவரி 14 அன்று பெரிய உலர்துறையைத் திறந்து, பிரிட்டிஷ்காரன் கிழக்கே கட்டிய கோட்டை என்று சொல்லிக்கொண்ட தளம் அது. தமிழர்களும் மலையாளிகளும் ஆயிரக்கணக்கில் அங்கே வேலை பார்த்தார்கள். 1952இல் ஏறத்தாழ 10,000 பேர் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். சம்பளம் இல்லாத அந்த நாட்களில் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்ற கதை எங்கள் குடும்பத்தில் உண்டு. அந்தக் கதையை நான் எழுதியிருக்கலாம். ஏன் எழுதவில்லை என்பதுதான் இந்த வாக்குமூலத்தின் சங்கடமான பகுதி. கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அப்பா பிறந்தது 1940இல். மறு வருஷமே தாத்தா கப்பலேறினார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்தது. கடிதம் நின்றது, பணம் நின்றது. தாத்தா இருக்கிறாரா போய்விட்டாரா என்றுகூட அப்பாயிக்குத் தெரியாது. சண்டை முடிந்து தபால் ஓடத் தொடங்கியபோது பணம் வந்தது, ஆள் வரவில்லை. விடுமுறையில் ஊர் போனவர்கள் யாரும் அப்பாயியிடம் காரணத்தைச் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

1953 ஆகஸ்ட் 1 முதல் குடிநுழைவுச் சட்டம் இறுகப்போகிறது என்று இங்கே பேச்சு அடிபட்டது. அதற்குப் பிறகு மகனைக் கொண்டுவர முடியுமோ முடியாதோ என்று பயந்து, தாத்தா அவசர அவசரமாகச் சீட்டுக்குப் பணம் அனுப்பினார். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல். அந்தப் பெயரைக் கேட்டாலே எங்கள் வீட்டுப் பழைய ஆட்களுக்கு வாந்தி நினைவு வரும். மேல்தளத்துப் பயணி, கூட வந்த ஊர்க்காரர் ஒருவரின் பொறுப்பில் பதின்மூன்று வயதுப் பையன். வந்து இறங்கியதும் செயின்ட் ஜான்ஸ் தீவில் நோய்க் காப்புக்காக நிறுத்திவைத்தார்கள். அங்கே கொடுத்த கருவாட்டுக் குழம்பின் ருசியை எழுபது வயதிலும் அப்பா சொல்வார். அதன் பிறகு துறைமுகம். அங்கேதான் அப்பா தன் அப்பாவை முதன்முதலாகப் பார்க்கிறார். ஊர்க்காரர் கையைப் பிடித்து, “இதாண்டா உங்கப்பன்” என்று காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது.

அங்கிருந்து பஸ்ஸில் வடக்கே போனார்கள். பிற்பாடு சோங் பாங் என்று பெயர் மாறிய கிராமம், அப்போது வெஸ்ட்ஹில். தகரக்கூரை வீட்டு வாசலில் புடவை கட்டிக்கொண்டு ஒரு சீனப் பெண் நின்றிருந்தார். பொட்டு வைத்திருந்தார். பையனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நல்ல தமிழில், “என்னங்க இது, எலும்பும் தோலுமா இருக்கான்” என்றார். உள்ளே போய் எனாமல் குவளையில் டின்பால் ஊற்றிய தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். அப்பா சிங்கப்பூரில் குடித்த முதல் தேத்தண்ணி அதுதான். சூடு தாங்காமல் குவளையைக் கீழே வைத்தபோது, அவர் தன் முந்தானையை மடித்துக் குவளையைச் சுற்றிப் பிடித்துக்கொடுத்தாராம்.

அவர்தான் சின்னம்மா.

பெண் குழந்தை வேண்டாம் என்றும், வளர்க்க வழியில்லை என்றும் சீனக் குடும்பங்கள் கொடுத்துவிட்ட பிள்ளைகளைத் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்தது இந்த மண்ணில் சகஜமாக நடந்த விஷயம். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அப்படி வளர்ந்த பெண்கள் தமிழ் பேசி, தமிழ்க் கோயிலுக்குப் போய், தமிழர்களையே கட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள். இன்றைக்கும் பல குடும்பங்களில் அப்படி ஒரு பாட்டியோ அத்தையோ உண்டு. சின்னம்மாவும் அப்படி ஒருவர். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைப் பங்கிட்டுத் தின்று தாத்தாவும் அவரும் உயிர் பிழைத்தார்கள். சேர்ந்து வாழ்ந்தார்கள். தாலி கட்டியதாக யாரும் சொல்லவில்லை. அவருக்குப் பிள்ளை இல்லை. தளத்தில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குத் துணி துவைத்துப் பெட்டி போட்டுக் கொடுத்துச் சம்பாதித்தார். 1952 வேலைநிறுத்தத்தின்போது தாத்தா வீட்டில் அடுப்பு எரிந்ததும் அந்தத் துவைப்புக் காசில்தான். தன்னைத் தவிர இன்னொருத்தி ஊரில் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். அவள் பெற்ற பையன் வந்து வாசலில் நின்றதும் அவர் செய்த முதல் காரியம் தேத்தண்ணி போட்டது.

தாத்தா 1966இல் போனார். சின்னம்மாவை அப்பா தன்னோடு வைத்துக்கொண்டார். அம்மா ஒரு சொல் எதிர்த்துச் சொல்லவில்லை. 1974இல் சின்னம்மா இறந்தபோது கொள்ளி வைத்தது அப்பாதான். எனக்கு அப்போது ஆறு வயது. இடுப்பில் சில்லறை முடிந்த கைக்குட்டையும் வெற்றிலை வாசனையும் மட்டும் நினைவிருக்கின்றன.

இவ்வளவும் அப்பா எனக்குச் சொன்னவை. ஒரு தடவை அல்ல, பல தடவை. ஆக, என் கையில் ஒரு தேத்தண்ணி இருந்தது. அதைச் சின்னம்மாவின் கையிலிருந்து பிடுங்கி, தூக்குப் போணியில் ஊற்றி, வேலைநிறுத்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

காரணம் என்ன? பொன்விழா வருஷத்தில் எங்கு பார்த்தாலும் முன்னோடித் தலைமுறைப் பேச்சு. அதற்கு முந்தைய வருஷம்தான் 1949க்குள் பிறந்தவர்களுக்கென்று அரசாங்கம் சலுகைத் திட்டம் அறிவித்து அட்டையும் கொடுத்திருந்தது. அப்பாவும் அந்த அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். மலருக்குக் கட்டுரை கேட்டவர்கள் போராட்டம் வேண்டும் என்றோ கண்ணீர் வேண்டும் என்றோ கேட்கவில்லை. நானாகத்தான், உழைத்த கை, நிமிர்ந்த முதுகு என்று ஒரு படத்தை மனசில் வரைந்துகொண்டேன். அந்தப் படத்தில் இரண்டாம் தாரம் பொருந்தவில்லை. பட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கும் சொந்தக்காரர்கள் படிப்பார்களே என்ற வெட்கமும் இருந்தது. அப்பாயி இறந்து பல வருஷமாகியும், அவளிடம் யாரும் சொல்லாததை மலரில் அச்சடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அது ஓரளவு மன்னிக்கக்கூடிய காரணம். மற்றதை அப்படிச் சொல்ல மாட்டேன். வரலாற்றில் பெயர் உள்ள ஒரு சம்பவத்தில் என் அப்பா நின்றதாக இருந்தால் நான் பெரிய எழுத்தாளன் ஆவேன் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

மலர் வந்த அன்று மார்சிலிங்கில் அக்கா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அம்மா போன பிறகு அப்பா அங்கேதான் இருந்தார். என் வீடும் உட்லண்ட்ஸ்தான், நடந்தால் பத்து நிமிஷம். அக்கா வேலைக்குப் போயிருந்தாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்தார். மடித்து வைத்தார்.

“அது நான் இல்லையேடா தம்பி. அந்தக் கலாட்டா நடந்தப்ப நான் ஊர்ல மாடு மேச்சுக்கிட்டுல்ல இருந்தேன். உங்க தாத்தாவ வேணா எழுதியிருக்கலாம்.”

“கட்டுரைன்னா அப்படி கொஞ்சம் சேர்ப்பாங்கப்பா” என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “சின்னம்மாவ ஏன் விட்டுட்ட?” என்று கேட்டார்.

“எடம் பத்தலப்பா.”

அந்த மலரில் என் கட்டுரைக்குப் பக்கத்தில் அரைப் பக்கம் நகைக்கடை விளம்பரம் இருந்தது. அதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் அக்கா வந்து படித்தாள். அவள் எதையும் சுலபத்தில் நம்புகிறவள் அல்ல. “இது நெசமா நடந்துச்சா? என்கிட்ட அப்பா சொன்னதே இல்லையே” என்றாள். அப்பா குளியலறையில் இருந்தார். “அப்பாதான் சொன்னாரு, என்கிட்ட மட்டும்” என்று நான் சொன்னேன். கட்டுரையில் எழுதியதைவிட இதுதான் பெரிய பொய் என்று இன்று நினைக்கிறேன். மகனிடம் மட்டும் சொல்லியிருக்கிறார் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். அதை முகத்தில் பார்த்தேன். பார்த்தும் திருத்தவில்லை.

2017இல் அப்பாவுக்கு முதுமை மறதி என்று டாக்டர் சொன்னார். இங்கே 60 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு அது இருப்பதாக மனநலக் கழகத்தின் அப்போதைய ஆய்வு சொன்னது. ஒவ்வொரு புளோக்கிலும் யாராவது ஒருவர் மின்தூக்கியில் ஏறி எந்த மாடி என்று தெரியாமல் நிற்கிறார்கள் என்று அர்த்தம். அப்பா நின்றார். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் கூட்டிவந்து விட்டார். அதன் பிறகு பகலில் ஒரு பராமரிப்பு நிலையம், வீட்டில் ஒரு மியன்மார்ப் பணிப்பெண், ராத்திரியில் அக்கா. இந்த வரிசையில் நான் எங்கே என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை. அதுவும் எல்லா ஞாயிறும் அல்ல. பிற்பாடு நான் எழுதிய இன்னொரு கட்டுரையில் அப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டதைப் பற்றி உருக்கமாக இரண்டு பக்கம் இருக்கிறது. வெட்டியது அக்கா. நான் சோபாவில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பராமரிப்பு நிலையத்தில், பழைய நாட்களைப் பற்றி அவரோடு பேசுங்கள், படம் காட்டுங்கள், பழக்கமான பொருட்களைக் கையில் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். நல்ல யோசனைதான். வயதானவர்கள் பழசைப் பேசுவது வெட்டிப் புலம்பல் அல்ல, மனசுக்கு வேண்டிய வேலை என்று ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963இலேயே எழுதியிருக்கிறார். உலகம் முழுக்க இன்று அந்த வழியில் முதியவர்களைப் பேச வைக்கிறார்கள். அக்காவிடம் அதிகப் படங்கள் இல்லை. சோங் பாங் வீட்டில் ஒருமுறை வெள்ளம் வந்து போனதோடு சரி. இருந்தது என் கட்டுரை. தம்பி எழுதியது, அப்பாவே சொன்னது. அதைப் பெரிய எழுத்தில் நகல் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, தினமும் ராத்திரி மாத்திரை கொடுக்கும் முன்னால் அவருக்குப் படித்துக் காட்டினாள்.

முதலில் அவர் மறுத்திருக்கிறார். “அது நான் இல்லம்மா” என்பாராம். நோயில் பேசுகிறார் என்று அக்கா நினைத்தாள். “நீங்கதாம்பா, மறந்துட்டீங்க” என்று சொல்லிச் சொல்லிப் படித்தாள். ஒரு மனுஷருக்குத் தன் வாழ்க்கையைப் பற்றிச் சரியாகத் தெரிந்திருந்தது. அதை நோயின் கணக்கில் எழுதினோம். அக்காவைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அவளிடம் பொய் சொன்னவன் நான்.

சாயங்காலம் இருட்டும் நேரத்தில் அவருக்குப் பதற்றம் வரும். வாசலையே பார்த்துக்கொண்டு, “சின்னம்மா எங்க?” என்று கேட்பார். சில நாள் அந்த மியன்மார்ப் பெண்ணையே சின்னம்மா என்று கூப்பிட்டார். அவள் போட்டுக்கொடுக்கும் தேத்தண்ணியை மட்டும் மறுக்காமல் குடித்தார். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. சிரித்தோம். அவர் கேட்கும்போதெல்லாம் அவரை அமைதிப்படுத்த அக்கா அந்த உறை போட்ட தாளை எடுத்துப் படிப்பாள்.

2018இல் ஒரு ஞாயிறு. மார்சிலிங்கில் புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடையில் அப்பாவை உட்கார வைத்திருந்தேன். எதிரே வயதான ஒரு தமிழர், முன்னாள் கப்பல்பட்டறைக்காரர். அப்பா திடீரென்று பேச ஆரம்பித்தார். “அம்பத்தி ரெண்டுல ஸ்ட்ரைக்கு. நான் பொடியன். தூக்குல தேத்தண்ணி எடுத்துக்கிட்டுப் போவேன். நல்ல மழை. தேத்தண்ணியில மழத்தண்ணி கலந்துடுச்சு. அதையும் குடிச்சாங்க பாவம்.” எதிரே இருந்தவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

என் கட்டுரையில் மழை கிடையாது. நான் நட்டு வைத்த பொய்யில் அப்பாவின் மனசு மழையைப் பொழிந்திருந்தது. அன்றைக்கு நான் பயந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? போனை எடுத்து மழையைக் குறித்துக்கொண்டேன். அடுத்த வருஷம் ஒரு தொகுப்புக்கு அதே கட்டுரையைத் திருத்திக் கொடுத்தபோது மழையைச் சேர்த்தேன். “அப்பாவே சொன்ன மழை” என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அந்தத் தொகுப்பும் வந்தது. அக்கா புதிய பிரதியை நகல் எடுத்து உறை போட்டாள்.

நினைவைப் பற்றிப் படிக்கத் தொடங்கியது அப்பா போன பிறகுதான். எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியல் ஆய்வாளர் 1995இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. 24 பேரிடம் அவரவர் சிறுவயதுச் சம்பவங்கள் நான்கைக் கொடுத்தார்கள். மூன்று உண்மை, ஒன்று கட்டியது: ஐந்து வயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோன கதை. எல்லாமே வீட்டு ஆட்கள் சொன்னவை என்று சொல்லிக் கொடுத்தார்கள். நான்கில் ஒருவர் நடக்காத அந்தச் சம்பவத்தை நினைவுகூர்ந்தார். சிலர் விவரம்கூடச் சேர்த்தார்கள். அதைப் படித்தபோது மழை ஞாபகம் வந்தது. அந்த 24 பேரும் நல்ல மூளையோடு இருந்தவர்கள். சோதனை முடிந்ததும் அவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

எப்படியும் நோய் எல்லாவற்றையும் கொண்டுபோயிருக்கும் என்று நண்பர் ஒருவர் ஆறுதல் சொன்னார். இருக்கலாம். ரஜுலா கப்பலும் கருவாட்டுக் குழம்பும் சின்னம்மாவும் தானாகவே உதிர்ந்திருக்கலாம். ஆனால் ஒன்றைத் திரும்பத் திரும்ப அவர் காதில் ஓதிக்கொண்டிருந்தோம். அது நின்றது, மற்றவை போயின. கடைசி வருஷத்தில் அவர் சின்னம்மாவைக் கேட்பதை நிறுத்திவிட்டார். அக்காகூட, “அப்பா இப்பல்லாம் பதட்டமில்லாம இருக்காரு” என்று சந்தோஷப்பட்டாள். பணிப்பெண்ணை அதன் பிறகு எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை.

ஒரு விஷயம் மட்டும் கடைசி வரை பிசகவில்லை. உட்லண்ட்ஸ் வாட்டர்ஃபிரண்டுக்குக் கூட்டிப்போனால் எதிரே ஜொகூரைப் பார்க்க மாட்டார். வலது பக்கம் கையைக் காட்டி, “டாக்யார்ட் அந்தாண்ட” என்பார். சரியான திசை. 1968இல் பிரிட்டிஷ்காரன் பெயருக்கு ஒரு வெள்ளி விலைக்குச் சிங்கப்பூரிடம் கொடுத்துவிட்டுப் போன பட்டறையில், கப்பல் அடியைச் சுரண்டிச் சாயம் அடிக்கும் வேலையில் அப்பா ஓய்வுபெறும் வரை இருந்தார். அதைப் பற்றி நான் ஒரு பத்திகூட எழுதவில்லை. அதில் நாடகம் இல்லை என்று நினைத்திருந்தேன்.

2020 மே மாதம் அப்பா இறந்தார். கிருமிப் பரவல் முறியடிப்பு நடவடிக்கை நடந்துகொண்டிருந்த நேரம். இறுதிச் சடங்குக்குப் பத்துப் பேர்தான். ஊருக்கு விமானம் கிடையாது, அங்கிருந்து வரவும் வழியில்லை. மண்டாய்க்குக் கொண்டுபோகும் முன்னால் சொந்தக்காரர்களுக்காகச் சூமில் ஏற்பாடு செய்தோம். பட்டுக்கோட்டையிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. குடும்பத்தில் எழுதத் தெரிந்தவன் என்று என்னைப் பேசச் சொன்னார்கள். நான் தேத்தண்ணிக் கதையைச் சொன்னேன். மழையோடு. அவர் உடல் எனக்கு நாலடி தூரத்தில் இருந்தது. சொல்லும்போது அழுதேன், அந்த அழுகை பொய் இல்லை. சொன்னதுதான் பொய். யாரோ அதைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

2024இல் அக்காவின் பேரன் பள்ளியில் குடும்ப வரலாறு பற்றித் தமிழ்ப் பாடத்துக்கு ஒரு படைப்பு கேட்டார்கள். பத்து வயதுப் பையன். ஒரு பெரிய இரும்புக் கதவு, தொப்பி போட்ட போலீஸ்காரர், மழைக்கோடுகள், நடுவில் தூக்கோடு ஒரு பொடியன். கீழே, “என் கொள்ளுத்தாத்தா ஒரு போராளி” என்று தப்பில்லாமல் எழுதியிருந்தான். அவன் வீட்டில் தமிழ் பேசுவது குறைவு. அவன் எழுதியதிலேயே நீளமான தமிழ் வாக்கியம் அதுதான் என்று அவன் அம்மா பெருமைப்பட்டாள். எனக்குக் காட்டுவதற்காகவே எடுத்து வந்திருந்தார்கள். மூலக் கட்டுரையாளர் இல்லையா நான்.

அன்றிரவே அக்காவிடம் சொல்லியிருந்தால் நன்றாக இருக்கும். சொல்லவில்லை. சொல்லப் பல மாதங்கள் பிடித்தன. ஒரு நாள் அவள் வீட்டுச் சமையலறையில் எதிரே உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அப்ப அவரு ‘நான் இல்லம்மா’ன்னு சொன்னது சரிதானா?”

“ஆமாக்கா.”

“நான்தான தெனம் படிச்சேன்.” எழுந்துபோய்க் குழாயைத் திறந்து ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடி கழுவினாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: “சின்னம்மா எங்கன்னு கேட்டப்பல்லாம், அந்தத் தாளத்தானே எடுத்தேன் நான். சின்னம்மா செத்துட்டாங்கப்பா, நீங்கதான் கொள்ளி வெச்சீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தாக்கூட அழுதுட்டுத் தூங்கியிருப்பாரு.”

எனக்கு அதற்குப் பதில் இல்லை. அவள் என்னை மன்னித்ததாக இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. மன்னிக்கவில்லை. பேசுகிறாள், சாப்பிடச் சொல்கிறாள், ஆனால் நான் எதையாவது சொன்னால், “நெசமா?” என்று ஒரு தடவை கேட்டுக்கொள்கிறாள். கேட்கட்டும். இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் அவளிடம் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினாள். ஜன்னலோரம் என்பது சரி, ஆனால் அப்பா எழுத்துக் கூட்டிப் படிக்க மாட்டார், சரளமாகப் படிப்பார் என்றாள். அதை அப்படியே மேலே விட்டிருக்கிறேன், அவள் திருத்தம் இங்கே இருக்கட்டும் என்று. என் கை தானாகவே எதையாவது சேர்த்துவிடுகிறது என்பதற்கு அத்தாட்சியாக இருக்கும். இன்னொன்று, சின்னம்மா வெள்ளைக்காரர் வீட்டுத் துணியை மட்டும் துவைக்கவில்லை, திருமணமாகாத தமிழ்த் தொழிலாளிகளின் துணியையும் துவைத்தார், அவர்களிடம் பாதிக் காசுதான் வாங்குவார் என்றாள். அது எனக்குத் தெரியாது. அப்பா அவளிடம் மட்டும் சொன்னது.

பையனிடமும் சொன்னேன். “அப்ப டீச்சர் கிட்ட சொல்லணுமா?” என்று முதலில் கேட்டான். மதிப்பெண் போட்டு முடிந்துவிட்டதால் அவனுக்குப் பெரிய கவலை இல்லை. பிறகு, “அந்தச் சின்னம்மா சைனீஸா? அப்ப வீட்ல சைனீஸ் பேசினாங்களா?” என்றான். ஒரு வார்த்தை தெரியாதாம், சந்தையில் மலாய்தான் பேசுவார் என்று அவன் பாட்டிதான் சொன்னாள். அவனுக்கு அது போராளியைவிடச் சுவாரசியமாக இருந்தது போலிருக்கிறது. அரை மணி நேரம் கேள்வி கேட்டான். 2015இல் எனக்கு இது தோன்றவில்லை.

இப்போது வாசகர்களிடம் இரண்டு வேண்டுகோள். 2015 மலரோ 2019 தொகுப்போ உங்களிடம் இருந்தால், என் கட்டுரையின் நான்காவது பத்தியைப் பேனாவால் அடித்துவிடுங்கள். கடற்படைத் தள வேலைநிறுத்தத்தைப் பற்றி எழுதுகிறவர்கள், ஆராய்கிறவர்கள் அதை மேற்கோள் காட்ட வேண்டாம். அப்பா சிங்கப்பூர் வந்தது 1953 ஜூலையில். வேலைநிறுத்தம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் என் பேச்சு வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. எங்களிடம் சின்னம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை. 1950களிலும் 60களிலும் சோங் பாங்கில் இருந்தவர்கள், சுல்தான் தியேட்டர் பக்கம் குடியிருந்தவர்கள் வீட்டில் பழைய கல்யாணப் படம், காதுகுத்துப் படம், கோயில் திருவிழாப் படம் இருக்கலாம். கூட்டத்தில் புடவை கட்டி, பொட்டு வைத்து, இடுப்பில் கைக்குட்டை செருகிய சீனப் பெண் ஒருவர் நின்றால், தயவுசெய்து இந்த இதழின் முகவரிக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். எனக்கு அடையாளம் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். சின்னம்மா இறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது.